வி.பி.எஸ். வீட்டுக்குப் பால் காய்ச்சினோம்

1. இலை போட்டுவிட்டுக் காத்திருந்தவர்கள்

ஓணத்துக்குப் பத்து நாள் முன்னால் வரும் அத்தத்தன்று காலை, எங்கள் ஆபீசில் மூன்று போனும் ஒரே நேரத்தில் அடித்தன. எங்களிடம் இருந்ததே மூன்று போன்தான். ஒன்றை நான் எடுத்தேன், இன்னொன்றை ஹரிஹரன் சார் எடுத்தார், மூன்றாவது அடித்துக்கொண்டே கிடந்தது. எல்லாருக்கும் ஒரே கேள்வி: "சைட் ஏன் திறக்கல்லை?"

எங்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பழவங்காடிப் பிள்ளையார் கோயில் பக்கத்துச் சந்தில் ஒரு பாத்திரக்கடை, அதற்கு மேலே இரண்டாம் மாடியில் எங்கள் வெப் ஹோஸ்டிங் கம்பெனி. கம்பெனி என்றால் இரண்டு மேஜை, ஒரு யு.பி.எஸ்., முதலாளி ஹரிஹரன் சார், நான். சார் கரமனை அக்ரஹாரத்துக்காரர். விற்பதும் வாக்குக் கொடுப்பதும் அவர் வேலை, கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவது என் வேலை. நான் பாறசாலைக்காரி, பெயர் சுகந்தி. தினமும் ரயிலில் வந்து போய், இந்த மாடிப்படியை ஏறி இறங்கியே முழங்கால் தேய்ந்தவள்.

அப்போது நாங்கள் ஷேர்டு ஹோஸ்டிங் மட்டும்தான் கொடுத்துவந்தோம். மும்பையில் ஒரு டேட்டா சென்டரில் வாடகைக்கு எடுத்த சர்வர் ஒன்று, அதில் இருநூறு சைட். சாதாரண நாளில் ஒருவரால் ஒருவருக்குத் தொந்தரவில்லை. ஏனென்றால் பாதி சைட்டை அதன் உடைமைக்காரரும் அவர் மச்சினரும் தவிர யாரும் பார்ப்பதில்லை. அன்றைக்கு மட்டும் இரண்டு சைட்டில் ஒரே நேரத்தில் கூட்டம் முட்டியது. ஒன்று, அரசு வேலைத் தேர்வுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு பி.எஸ்.சி. கோச்சிங் சென்டர். மாதிரித் தேர்வு ரிசல்ட் போட்டிருந்தார்கள். இன்னொன்று சமையல்காரர் வெங்கிடி சுவாமியின் ஓண சத்யா, அதாவது இலைபோட்டுச் சாப்பிடும் ஓண விருந்து, பார்சல் புக்கிங். சர்வர் படுத்துவிட்டது. கூடவே மற்ற நூற்றுத் தொண்ணூற்றெட்டும் படுத்தன.

முக்கால் மணி நேரத்தில் எழுப்பிவிட்டேன். அதோடு முடிந்திருந்தால் இதை எழுதவேண்டிய அவசியமே இல்லை. சைட் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தபோது வந்த இரண்டு ஆர்டருக்கு "உங்கள் சத்யா உறுதி" என்று மெயில் போயிருக்கிறது, ஆனால் சுவாமியின் லிஸ்டில் அந்த ஆர்டர் ஏறவில்லை. திருவோணத்தன்று மத்தியானம் இரண்டு வீட்டில் இலையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு வீட்டில் கல்யாணத்துக்குப் பின் வரும் முதல் ஓணம். புது மாப்பிள்ளை வெறும் இலையைப் பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் இருந்திருக்கிறார். கடைசியில் மாமியார் வீட்டில் அவருக்குக் கொடுத்தது பிரெட்டும் ஜாமும்.

அடுத்த வாரம் வெங்கிடி சுவாமி படியேறி வந்தார். கிழக்கேகோட்டை அக்ரஹாரத்தில் இருக்கிறவர், எழுபதைத் தொட்டவர், ஊரில் பாதிக் கல்யாணத்துக்கு அவர் சமையல்தான். கூட அவர் மனைவி பர்வதம் மாமி. சைட்டில் மெனு மாற்றுவது, படம் ஏற்றுவது, ஆர்டர் பார்ப்பது எல்லாம் மாமிதான். சுவாமி சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் சத்தமே போடவில்லை.

"மேடம், நாப்பது வருஷமா சமைக்கறேன். உப்பு கூடியிருக்கு, பருப்பு அடிபிடிச்சிருக்கு. ஆனா இலையைப் போட்டுட்டு ஒருத்தர் பட்டினியா உக்காந்ததில்லை. அடுத்த ஓணத்துக்கும் இதுபோல ஆச்சுன்னா நான் சட்டுவத்தைக் கீழ வெச்சுடுவேன். பின்னே தொடமாட்டேன்."

சொல்லிவிட்டு இறங்கிப் போனார். மாமி மட்டும் படியில் ஒரு நிமிஷம் நின்றாள். "அவர் சொன்னா சொன்னதாக்கும், சுகந்தி. சட்டுவத்தை வெச்சுட்டா அவர் அப்பறம் என்னத்தைப் பண்ணுவார்? எங்காத்துல உக்காந்துண்டு என் சாம்பாரைக் குத்தம் சொல்லுவார். என்னால ஒக்காது."

எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனாலும் சிரிக்கவில்லை. அந்த மாப்பிள்ளையின் இலை என் சர்வரால்தான் காலியாக இருந்தது.

2. சொந்த வீடு

மறுநாளே ஹரிஹரன் சார் தீர்வோடு வந்தார். "சுகந்தி, நாம வி.பி.எஸ். குடுக்கத் தொடங்கலாம்."

வி.பி.எஸ். என்றால் விர்ச்சுவல் பிரைவேட் சர்வர். ஒரு பெரிய மெஷினை உள்ளே தடுத்துத் தடுத்துப் பல சர்வராக்கி, ஒவ்வொருவருக்கும் ஒன்று கொடுப்பது. பக்கத்துத் தடுப்பில் யார் ரிசல்ட் போட்டாலும் இவர் பங்கு மெமரி இவருக்குத்தான். ரூட் பாஸ்வேர்ட் என்று ஒன்று கையில் வரும். அது இருந்தால் அந்தச் சர்வரில் எதையும் செய்யலாம். எதையும் என்றால் எதையும்.

நான் ஒரேயடியாக மறுத்தேன். "சார், ஷேர்டுல இருநூறு பேருக்கும் ஒரு அப்டேட் போட்டா முடிஞ்சு. வி.பி.எஸ்.ஸுன்னா ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா போடணும். ஒருத்தன் ஸ்பாம் அனுப்புவான், ஐ.பி. பிளாக்லிஸ்ட்ல போவும். ஒருத்தன் ஃபயர்வாலைப் பூட்டிட்டு அவனே வெளிய நிப்பான். எல்லாத்துக்கும் இந்த ஒரு சுகந்தி. பெரிய கம்பெனிக்காரன் நம்மளைவிடக் கொறைச்சலுக்குக் குடுக்கான். நமக்கு இது வேண்டாத்த சோலியாக்கும்."

"அன்மேனேஜ்டா குடுத்துடலாம். வித்தாச்சு, பாஸ்வேர்டைக் குடுத்தாச்சு, நம்ம ஜோலி முடிஞ்சாச்சு. உள்ள என்ன பண்றாளோ அது அவா பாடு."

"வாங்கப் போறது யாரு?"

"வெங்கிடி சுவாமி."

நான் தலையில் கை வைத்தேன். சுவாமிக்கு வி.பி.எஸ். தேவைதான், அதை நானே ஒப்புக்கொள்வேன். வருஷத்தில் ஒரு நாள் அத்தனை கூட்டம் வருகிற சைட்டை ஷேர்டில் வைப்பது பாவம். ஆனால் அதை அன்மேனேஜ்டாகக் கொடுப்பது, ஓட்டத் தெரியாதவரிடம் லாரிச் சாவியைக் கொடுப்பது. சார் கேட்கவில்லை. வருஷம் முழுக்க இழுபறியாகக் கிடந்து, அடுத்த ஓணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது சுவாமியையும் மாமியையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேச ஆரம்பித்தார்.

"இப்ப நீங்க இருக்கறது லாட்ஜுல, சுவாமி. இருநூறு பேருக்கு ஒரே குழாய். நான் தரப் போறது சொந்த வீடாக்கும். உங்க வாசல், உங்க சாவி. யாரும் உள்ள வரமுடியாது."

சுவாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். "சொந்த வீடா?"

"சொந்த வீடேதான்."

சார் உதாரணத்துக்குச் சொன்னார். சுவாமி அதை உதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை.

3. வாசல் எந்தப் பக்கம்

சுவாமியின் முதல் போன் மறுநாள் காலை வந்தது. "மேடம், வீட்டு நம்பர் என்னாக்கும்?"

சர்வரின் விலாச எண்ணான ஐ.பி. அட்ரஸைச் சொன்னேன். அந்தப் பக்கத்தில் முணுமுணுத்துக் கூட்டிப் பார்த்தார். பிறகு, "கூட்டினா எட்டு வருதே. எட்டு சனியோட எண். வேற தாங்கோ."

எட்டு வந்தால் சர்வருக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லிப் பார்த்தேன். எட்டாம் நம்பர் வீட்டில் குடிபோன ஒருவரின் கதையை முழுசாகச் சொன்னார். கதையில் ஆடு, வக்கீல், கிணறு எல்லாம் வந்தன. வேறு வழியில்லாமல் டேட்டா சென்டரில் எழுதிக் கேட்டு வேறு ஐ.பி. வாங்கினேன். காரணம் என்ன என்ற கட்டத்தில் "டெக்னிக்கல்" என்று போட்டேன்.

இரண்டாவது போன், வாசல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று. சர்வருக்கு வாசல் கிடையாது என்றேன். வாசல் இல்லாமல் ஆள் எப்படி உள்ளே வருவார்கள் என்று கேட்டார். அதுவும் நியாயம்தான். மும்பைக்கு போன் போட்டு, அந்த ரேக் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது என்று விசாரித்தேன். அங்கிருந்த இன்ஜினியர் ரொம்ப நேரம் யோசித்தான். இத்தனை வருஷத்தில் யாரும் அவனிடம் இதைக் கேட்டிருக்கமாட்டார்கள். கடைசியில், ரேக்கின் முன்பக்கம் ஏ.சி. காற்று வரும் பக்கத்தைப் பார்த்து இருக்கிறது, அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்றான். அதை அப்படியே சுவாமியிடம் சொன்னேன்.

"குளிர்ந்த காத்து வர பக்கமா? அப்ப வடக்காக்கும். குபேரன் திசை. பேஷ்."

மூன்றாவது போன் ஹரிஹரன் சாருக்கு. பேசி முடித்து வைத்தபோது சார் முகம் சரியில்லை. என்ன என்று கேட்டேன்.

"சொந்த வீடுன்னு சொன்னோமே. பால் காய்ச்சாம எப்படிக் குடிபோறதுன்னு கேக்கறார்."

"எங்க காய்ச்சுவாராம், மும்பையிலயா?"

"இங்கயே காய்ச்சலாம்னு சொல்லிட்டேன். அத்தத்தன்னிக்குக் காலம்பற ஒம்பதேகாலுக்கு முகூர்த்தம். பால் பொங்கற நிமிஷம் நாம சர்வரைத் திறந்து குடுக்கணும். புக்கிங் பன்னெண்டு மணிக்கு."

சைட்டை ஒரு வாரம் முன்னாலேயே வி.பி.எஸ்.ஸுக்கு மாற்றியாகிவிட்டது, ரூட் பாஸ்வேர்டை மாமியிடம் கொடுத்தாகிவிட்டது, ஓடிக்கொண்டும் இருக்கிறது, இனி என்னத்தைத் திறப்பது என்று நான் கேட்டேன். ஒரு தடவை பூட்டித் திறந்தால் போதும் என்றார் சார். அதாவது ரீபூட். ரீபூட்டுக்கு இரண்டு நிமிஷம் ஆகும், அதனால் யாருக்கும் கெடுதலில்லை, போய்த் தொலையட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது.

4. பத்து லிட்டர்

அத்தத்தன்று எட்டரை மணிக்கே ஆபீஸ் கோயில் மாதிரி இருந்தது. மானிட்டருக்கு மாவிலை கட்டியிருந்தார்கள். யு.பி.எஸ்.ஸுக்குச் சந்தனப் பொட்டு. என் கீபோர்டுக்கும் வைக்க வந்தார் சுவாமி. நான் அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். பிறகு சொம்புத் தண்ணீரை மாவிலையால் எடுத்து மூலைமூலையாகத் தெளித்தார். நான் குடையை விரித்து ரவுட்டர் மேல் பிடித்தேன். நான் சர்ச்சுக்குப் போகிறவள், அதனால் தீர்த்தத்துக்குப் பயந்துதான் குடை பிடிக்கிறேன் என்று சுவாமி நினைத்துக்கொண்டார் போல. "பயப்படண்டாம் மேடம், இது வெறும் வெள்ளமாக்கும்" என்றார். அந்தத் தண்ணீர்தான் எனக்குப் பயம் என்று நான் சொல்லவில்லை.

சார் டீ போட வைத்திருந்த இண்டக்ஷன் அடுப்பில் காய்ச்சலாம் என்பது ஏற்பாடு. கீழே பாத்திரக்கடையிலிருந்து புதுப் பித்தளை உருளி வந்தது. அடுப்பு பித்தளையை ஏற்கவில்லை. கீங் கீங் என்று கத்திவிட்டு அணைந்தது. எவர்சில்வர் பாத்திரம் கொண்டுவரட்டுமா என்றார் பாத்திரக்கடைக்காரர். சுவாமி அவரைப் பார்த்த பார்வையில் அவர் படியிறங்கிப் போய்விட்டார்.

"வண்டியில நம்ம அடுப்பு இருக்கு" என்றார் சுவாமி. அவருடைய ஆட்கள் இரண்டு பேர் கேஸ் சிலிண்டரையும் அடுப்பையும் தூக்கி வந்தார்கள். ஐந்நூறு பேர் கல்யாணத்துக்குச் சாம்பார் வைக்கிற அடுப்பு. என் மேஜையை நகர்த்தினால்தான் வைக்க இடம். பின்னாலேயே பால் கேன் வந்தது.

"எவ்வளவு பாலு சுவாமி?"

"பத்து லிட்டர். அதுக்குக் கொறைஞ்சா எனக்குக் காய்ச்சத் தெரியாது. கை பழகிப் போச்சு."

ஒன்பதேகால் ஆயிற்று. பால் ஏறி வந்தது. "சுகந்தி, ரெடி" என்றார் சார். உருளி விளிம்பில் பால் நின்று ஒரு நொடி யோசித்தது. பிறகு பொங்கிற்று. மாமி குலவையிட்டாள். நான் ரீபூட்டை அழுத்தினேன். பொங்கின பால் தரையில் ஓடி யு.பி.எஸ்.ஸை நோக்கிப் போயிற்று. ஹரிஹரன் சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்பைக் பஸ்டரை ஒரு கையிலும் வயர்க்கட்டை இன்னொரு கையிலும் தூக்கிப் பிடித்து, குளத்தில் இறங்கினவர் போல நின்றார். நான் சிரித்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த ஆபீசில் வாய்விட்டுச் சிரித்தேன்.

இரண்டு நிமிஷம் ஆயிற்று. சர்வர் வரவில்லை. நான்கு நிமிஷம், வரவில்லை. கன்சோலைத் திறந்து பார்த்தேன். கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி: துவங்கத் தேவையான ஃபைல் கிடைக்கவில்லை. எனக்குச் சிரிப்பு நின்றுபோனது.

5. மாமி ஒதுக்கியது

மாமி என் நாற்காலிப் பக்கம் வந்து நின்றாள். திரையைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"சுகந்தி, நேத்திக்கு நான் கொஞ்சம் ஒதுக்கினேன். அதுனாலயா?"

"என்ன ஒதுக்கினீங்க?"

"பால் காய்ச்சறதுக்கு முன்னாடி வீட்டைச் சுத்தம் பண்ணண்டாமா? உள்ள போய்ப் பார்த்தேன். நம்ம சாமான் ஒரு அறையிலதான் இருக்கு. மத்தது பூரா வேற யாரோ விட்டுட்டுப் போன சாமான். யு.எஸ்.ஆர்.னு ஒண்ணு, பூட்னு ஒண்ணு, வார்னு ஒண்ணு. எட்செட்ராவுக்குன்னு தனியா ஒரு அறை. முன்னாடி குடியிருந்தவாளோடதாக்கும்னு நினைச்சு எல்லாத்தையும் எடுத்துக் களைஞ்சேன். ரெண்டு மூணு மட்டும் போகமாட்டேன்னு அடம் பிடிச்சது, அதை விட்டுட்டேன்."

ரூட் பாஸ்வேர்ட் கையில் இருந்தால் எதையும் செய்யலாம் என்று சொன்னேன் அல்லவா. மாமி செய்திருந்தாள். சர்வர் ஓடத் தேவையான அத்தனையையும் துடைத்து எடுத்துவிட்டாள். அழித்த பிறகும் நேற்றிலிருந்து சைட் ஓடியது, ஏற்கெனவே மெமரியில் ஏறியிருந்த புண்ணியத்தால். நான் பூட்டித் திறந்ததும் அந்தப் புண்ணியம் தீர்ந்தது. வார் என்ற அறையில்தான் டேட்டாபேஸ் இருந்தது. மெனு, விலை, எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்கு வண்டி, பத்து வருஷத்து வாடிக்கையாளர் விலாசம், எல்லாம் அதில்.

பேக்கப் இருக்கிறதா என்று பார்க்கவேண்டிய அவசியமே இல்லை. இல்லை என்று எனக்குத் தெரியும். மணி ஒன்பதரை. பன்னிரண்டுக்குப் புக்கிங். அறைக்கு அந்தப் பக்கம் சுவாமி சட்டுவத்தால் பாலைக் கிளறிக்கொண்டு, "ஹரி, வீடு திறந்தாச்சோ?" என்று கேட்டார்.

"அழிச்சதைத் திருப்பி எடுக்க முடியாதோ?" என்றாள் மாமி.

"முடியாது மாமி. போனா போனதுதான்."

"போகல்லையே. எங்காத்துல பழசைத் தூக்கிப் போடற வழக்கமே கிடையாது. அவா யாராவது திரும்பி வந்து கேட்டா என்ன பதில் சொல்றது? எல்லாத்தையும் கட்டி எடுத்து வெச்சுட்டுத்தான் அழிச்சேன்." கைப்பையைத் திறந்தாள். அதற்குள் ஒரு குங்குமச் சிமிழ். சிமிழுக்குள் குங்குமம் அப்பிய ஒரு பென்டிரைவ். வார் ஃபோல்டர் முழுசாக அதில் இருந்தது.

நான் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். இத்தனை வருஷமாக இந்த வேலையில் இருக்கும் நான் எடுக்காத பேக்கப்பை, முன்பின் தெரியாத யாரோ வந்து கேட்டால் என்ன சொல்வது என்று பயந்து ஒரு மாமி எடுத்து வைத்திருந்தாள்.

"ரெண்டு மணி நேரம் வேணும் மாமி. சுவாமி பக்கத்துல வந்து நிக்காம பாத்துக்கிடுங்க."

மாமி எழுந்து போய்ச் சொன்னாள், "ஏன்னா, பத்து லிட்டர் பாலாக்கும். வீணாக்கண்டாம். பால் பாயசமா வெச்சுடுங்கோ. கட்டடத்துக்கே குடுக்கலாம்." பிறகு சாரைப் பார்த்து, "ஹரி, நீ சாலைக் கடைத்தெருவுக்குப் போய் உணக்கலரிப் பச்சரிசியும் சக்கரையும் வாங்கிண்டு வா." முதலாளி பேசாமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அந்த ஆபீசில் அப்படி ஒருவர் அவரை வேலை வாங்கி நான் பார்த்ததில்லை.

முதலில் ரெஸ்கியூ மோடு என்ற அவசர வழியில் உள்ளே போய், மாமி அழிக்காமல் விட்ட அவர்களுடைய ஃபைல்களை வெளியே எடுத்து வைத்தேன். பிறகு வி.பி.எஸ்.ஸை முழுசாகத் துடைத்துப் புதிதாக இன்ஸ்டால் போட்டேன். ஃபைல்களைத் திரும்ப ஏற்றினேன். மிச்சம் டேட்டாபேஸ். ஓடிக்கொண்டிருந்தபோது எடுத்த காப்பி, அதனால் எழுந்திருக்குமா என்பதே சந்தேகம். முதல் தடவை எழவில்லை. இரண்டாம் தடவையும் எழவில்லை. "எந்த அறையில எது இருந்ததுன்னு எனக்கு ஞாபகம் இருக்கு, கேளு" என்று மாமி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, விட்டுப்போன இரண்டு ஃபைலைப் பென்டிரைவில் தேடிப் போட்டேன். மூன்றாம் தடவை எழுந்தது. பதினொன்றே முக்கால்.

"இலையடைக்குப் பக்கத்துல விலை சரியா இருக்கா பாரு" என்றாள் மாமி. சரியாக இருந்தது.

பன்னிரண்டுக்குப் புக்கிங் திறந்தது. முதல் பத்து நிமிஷம் நான் லோடு காட்டும் கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறியது, நின்றது, அதற்கு மேல் போகவில்லை. ஆர்டர் ஒவ்வொன்றாக லிஸ்டில் விழுந்தது. மெயிலையும் லிஸ்டையும் நானும் மாமியும் ஒன்றுக்கு ஒன்று ஒத்துப் பார்த்தோம். ஒன்றுகூடத் தவறவில்லை. சுவாமி பாயசத்தோடு வந்தார். பாத்திரக்கடை, மேல்மாடி டியூஷன் சென்டர், கீழே ஆட்டோ ஸ்டாண்ட் என்று எல்லாருக்கும் கொடுத்தும் பாயசம் தீரவில்லை.

6. என் டிக்

சாயங்காலம் மாமி கிளம்பும்போது படியில் நிறுத்தி ஒரு விஷயத்தைச் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"மாமி, தப்பு உங்க பேருல இல்ல. வி.பி.எஸ். எடுக்கும்போ பேக்கப் வேணுமான்னு ஒரு கட்டம் வரும். ஒரு டிக் போட்டா போதும். நான் போடல்ல. சாருமேல உள்ள கோவம். அன்மேனேஜ்டுன்னு வித்தாருல்லா, அப்ப பேக்கப் எனக்க சோலி இல்லைன்னு விட்டுட்டேன்."

மாமி என் தோளில் தட்டினாள். "நான் அழிச்சதை அவர்கிட்ட நான் சொல்லமாட்டேன். உன் டிக்கை ஹரிகிட்ட நீ சொல்லண்டாம். சரியா?" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

அதற்குள் சுவாமி ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார், பால் காய்ச்சின சர்வர் படுக்காது என்று. ஒரு நகைக்கடைக்காரர் வந்தார், ஒரு கல்யாணத் தரகர் வந்தார், அந்தப் பி.எஸ்.சி. கோச்சிங் சென்டரும் வந்தது. ஹரிஹரன் சார் பேம்ப்ளெட் அடித்தார். அதில் மெமரி, டிஸ்க், பேண்ட்விட்த் எல்லாவற்றுக்கும் கீழே "பால் காய்ச்சு உட்பட" என்று போட்டார். நான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். ரூட் பாஸ்வேர்ட் யாருக்கும் கிடையாது, அது என்னிடம் இருக்கும், அப்டேட்டும் பேக்கப்பும் என் பொறுப்பு, அதற்கான விலையைச் சேர்த்துத்தான் விற்கவேண்டும், பத்துப் பேருக்குமேல் எடுக்கக் கூடாது. சார் மறுபேச்சுப் பேசவில்லை. ஸ்பைக் பஸ்டரோடு நின்றதை அவர் மறந்திருக்கமாட்டார்.

திருவோணத்தன்று மத்தியானம் இரண்டரை மணிக்குச் சுவாமி என் வீட்டுக்கே போன் போட்டார். பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"மேடம், எல்லா இலையும் போயாச்சு. ஒரு இலை பாக்கியில்லை."

"சந்தோஷம் சுவாமி." அதையும் கேட்டுவிட்டேன். "இனி சட்டுவத்தைக் கீழ வைக்கமாட்டீங்கல்லா?"

"வைக்கமாட்டேன். இன்னொரு காரியம். மாமி என்னமோ அழிச்சுட்டாள்னு எனக்கு அன்னிக்கே தெரியும். நீங்க கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திண்டதை உருளிக்குப் பின்னாலேர்ந்து பார்த்தேன்."

"ஒண்ணும் கேக்கல்லியே சுவாமி நீங்க?"

"பாயசம் பதினோரு மணிக்கே ஆயாச்சு. வந்து நின்னா உங்க கை நடுங்கும். நம்ம கலவறையில சமைக்கறச்சே எவனாவது வந்து நின்னா எனக்கும் அப்படித்தான். அதுனால அடுப்பை அணைச்சுட்டுச் சும்மா கிளறிண்டே இருந்தேன், ஒரு மணி நேரம்."

நான் போனை வைத்துவிட்டு, அடுக்களையில் நின்று கொஞ்சம் அழுதேன், பிறகு அந்தக் காட்சியை நினைத்து ரொம்ப நேரம் சிரித்தேன்.

இப்போது புதிதாக ஹோஸ்டிங் தொடங்குகிற பிள்ளைகள் என்னிடம் வந்து, சின்னக் கம்பெனிக்கு வி.பி.எஸ். கொடுப்பது கட்டுப்படியாகுமா என்று கேட்கிறார்கள். சர்வரை மட்டும் விற்பதாக இருந்தால் கட்டுப்படியாகாது, பெரிய கம்பெனியோடு மோத முடியாது என்கிறேன். அணைத்த அடுப்பில் ஒரு மணி நேரம் கிளறிக்கொண்டு நிற்கிற அளவுக்கு உங்களை நம்புகிற கஸ்டமர் ஒருவர் இருந்தால் கொடுங்கள். கொடுப்பதற்கு முன்னால் அந்த டிக்கைப் போட்டுவிடுங்கள்.